பதினேழாம் விதியும் ஜமால்தீனின் வள்ளமும்

திருகோணமலைத் துறைமுகத்தில் மிதந்து திரியும் ஒரு பொருளைக் கொண்டுபோய் உரிய இடத்தில் ஒப்படைக்கிற மடத்தனத்தைக் கிண்ணியா ஜமால்தீன் தன் வாழ்நாளில் இரண்டு முறை செய்தான். முதல்முறை அறியாமல் செய்தான். இரண்டாம் முறைக்கு அவனிடம் எந்தச் சாக்கும் இல்லை.

முதல்முறை நடந்தது, வெள்ளைக்காரன் தன் கப்பற்படையைச் சுருட்டிக்கொண்டு போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு, ஒரு வைகாசி மாதக் காலையில். ஜமால்தீன் கிண்ணியாவிலிருந்து விறகும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு தன் வள்ளத்தில் பட்டினத்துச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தான். வழியில் சிவப்புப் பூச்சு உரிந்த இரும்பு மிதவை ஒன்று சங்கிலி அறுந்து தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. குறும்பாறைக்கு மேலே நிற்கவேண்டிய மிதவை அது என்று கண்டவுடனே அவனுக்குத் தெரிந்தது. குறும்பாறை தண்ணீருக்குக் கீழே ஒரு முழத்தில் மறைந்து கிடக்கிற பாறை. ஆட்களை ஏற்றிப்போகிற மூதூர் லோஞ்ச் அதை ஒட்டித்தான் போகும். மிதவை இல்லாவிட்டால் என்றைக்கோ ஒருநாள் ஆட்கள் சாவார்கள். ஆகவே அவன் மிதவையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போய், துறைமுக ஒதுங்குபொருள் கந்தோரின் முன்னால் கரையேற்றினான்.

அந்தக் கந்தோரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். துறைமுகத்தில் மிதக்கிற பொருள்களையும் கரையில் ஒதுங்குகிற பொருள்களையும் பார்த்துக்கொள்ள வெள்ளைக்காரன் வைத்த அலுவலகம் அது. போகும்போது அவன் கப்பல், பீரங்கி, நல்ல கதிரை மேசைகள், பியானோ எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டான். விட்டுவிட்டுப் போனது ஒரு கிழட்டு மின்விசிறியையும் தோலட்டை போட்ட ஒரு விதிப்புத்தகத்தையும்தான். இந்த இரண்டையும் காப்பாற்றுவதற்கு அரசாங்கம் ஒன்பது பேரை நியமித்திருந்தது.

ஒன்பது பேருக்கும் மேலே இருந்தவர் அத்தியட்சர் சோமசேகரம். வைகாசி வெயிலிலும் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத்தான் வருவார். தினமும் காலை எட்டரை மணிக்கு ஒன்பது பேரும் எழுந்து நிற்க, விதிப்புத்தகத்திலிருந்து ஒரு விதியை உரத்து வாசிப்பார். எழுதிய துரை எந்தக் காலத்து மனுஷனோ, எந்தப் புழுக்கத்தில் இருந்து எழுதினானோ, இங்கிலாந்திலேயே செத்துப் புதைந்துவிட்ட வினைச்சொற்களைத் தேடித் தோண்டி அந்தப் புத்தகம் முழுக்கப் பரப்பிவைத்திருந்தான். வாசிப்பவருக்கும் விளங்காது, கேட்பவருக்கும் விளங்காது. சோமசேகரத்துக்கு அதில் மிகுந்த பெருமை. "விளங்குகிற இங்கிலிஷ் சந்தை இங்கிலிஷ்" என்பார். "இது விளங்காது. அதனால்தான் இது சட்டம்."

வாசற்காவலாளி குஞ்சித்தம்பி கதிரையில் கிடந்த உறக்கத்திலிருந்து எழும்பி ஜமால்தீனை உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

"என்ன இது?" என்று கேட்டார் சோமசேகரம், ஜன்னலால் மிதவையைப் பார்த்து.

"குறும்பாறை மிதவை சேர். சங்கிலி அறுந்து மிதந்துபோச்சு. இழுத்துக்கொண்டு வந்தனான்."

"இழுத்துக்கொண்டு வருவதற்கு முன்னால் என்ன செய்தீர்?"

"கயிறு கட்டினனான்."

"கயிறு கட்டுவதற்கு முன்னால்?"

ஜமால்தீன் யோசித்துப் பார்த்தான். "பிஸ்மி சொன்னனான் சேர்."

சோமசேகரம் பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த பிரதம இலிகிதரைப் பார்த்தார். பிரதம இலிகிதர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு விதிப்புத்தகம் ஒரு வெள்ளைத் துவாயின் மேல் வைத்துக் கொண்டுவரப்பட்டது. சோமசேகரம் பதினேழாம் விதியை இங்கிலிஷில் ஒருமுறை வாசித்துவிட்டு, சாமானிய மனுஷனுக்கு இரக்கப்பட்டுத் தமிழிலும் சொன்னார். "துறைமுக எல்லைக்குள் மிதந்து அலையும் எப்பொருளையும் எவனும் நிம் செய்யலாகாது. செய்தால் அவனுடைய ஓடம் விசாரணை முடியும்வரை கந்தோர் வளவில் நிற்கும்."

"நிம் எண்டா என்ன சேர்?" என்று கேட்டான் ஜமால்தீன்.

அத்தனை வருஷமாக எட்டரை மணிக்கு எழுந்து நின்று கேட்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கேள்வி வரவில்லை.

"இந்த வசனத்தில் ஒரு சொல்லைத் தவிர மற்றச் சொல் எல்லாம் எனக்குத் தெரியும்" என்றார் சோமசேகரம் நிதானமாக. "அந்த ஒரு சொல்தான் குற்றம். அது எனக்குத் தெரியாது என்பதால் நீர் அதைச் செய்யவில்லை என்று ஆகிவிடாது. மூன்றாம் விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. பொருள் தெரியாத வினைச்சொல் எதுவானாலும், பொருள் தெரியும்வரை அது செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும்."

வள்ளத்தைக் கரையேற்றும்படி உத்தரவாயிற்று. அரச ஊழியர்கள் பாரம் தூக்குவதில்லை என்பதால் குற்றவாளியே அதைச் செய்யவேண்டியதாயிற்று. சந்தையில் நின்ற தன் மச்சான் அன்ஸாரைக் கூட்டிவந்து, இரண்டுபேருமாக நெஞ்சு நோக வள்ளத்தைத் தள்ளி வேலியடைத்த வளவுக்குள் ஏற்றினார்கள். கத்தரிக்காயும் சான்றுப்பொருள் என்று அதற்குள்ளேயே விடப்பட்டது. பின்னேரம் நாலரை மணிக்குக் கந்தோர் மூடியபோது ஒன்பது பேருடைய சைக்கிள்களிலும் ஒவ்வொரு பை தொங்கியது. விறகு முடிய ஒரு கிழமை எடுத்தது. இவையெல்லாம் எந்த விதிக்குள் வரும் என்று யாரும் புத்தகத்தைப் புரட்டவில்லை.

கந்தோரில் இருந்த அகராதியில் அந்தச் சொல் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கிய பெரிய அகராதியிலும் இல்லை. ஜமால்தீனுக்கு அதைக் கேட்டபோது நெஞ்சில் தண்ணீர் வார்த்ததுபோல் ஆறுதலாயிற்று. இல்லாத ஒன்றைத் தான் எப்படிச் செய்திருக்க முடியும் என்று நினைத்தான். சோமசேகரம் வேறுமாதிரி நினைத்தார். "அகராதிக்கே எட்டாத குற்றம்" என்று தன் ஆட்களுக்குச் சொன்னார். "இலங்கையிலே வேறெந்தக் கந்தோரிலும் இப்படி ஒரு வழக்கு இல்லை. நாங்கள் சும்மா விடமாட்டோம்." இங்கிலிஷில் செத்த சொல்லுக்கு வேறு மொழிகளில் உறவுக்காரர் யாராவது உயிரோடு இருப்பார்கள் என்று முடிவெடுத்து, உருவத்தில் ஒத்த சொற்களைத் தேட ஒரு சொல் விளக்கக் குழு அமைத்தார். குழு புதன்தோறும் தேத்தண்ணியோடும் வடையோடும் கூடியது.

அதற்கிடையில் கச்சான் காற்று எழும்பிவிட்டது. மேற்கிலிருந்து வருகிற அந்தக் காய்ந்த காற்று கொடியில் போட்ட சாரனை அரை மணியில் சருகாக்கிவிடும். தண்ணீரில் ஊறிப் பழகிய வள்ளத்துப் பலகையை அது என்ன செய்யும் என்று ஜமால்தீனுக்குத் தெரியும். மூன்றாம் கிழமை அவன் போய்ச் சோமசேகரத்தின் மேசைக்கு முன்னால் நின்றான்.

"சேர், வள்ளம் தண்ணியில கிடக்கிற சாமான். கரையில கிடந்தா பலகை சுருங்கி வெடிச்சிபோகும். ஒரு நாளைக்கு நாலு வாளி தண்ணி ஊத்த விட்டீங்கண்டா போதும். வேற ஒண்டும் கேக்கல்ல."

"தண்ணீர் ஊற்றுவது நிம் அல்ல என்று உம்மால் நிரூபிக்க ஏலுமா?"

"ஏலாது சேர்."

"என்னாலும் ஏலாது. அப்படியென்றால் சட்டத்தின் முன்னால் நாங்கள் இருவரும் சமம். நீர் போகலாம்."

ஜமால்தீன் வெளியே வந்து, வேலிக்கு இந்தப்பக்கம் நின்று வள்ளத்தைப் பார்த்தான். முன்பக்க அணியத்தில் முதல் வெடிப்பு விழுந்திருந்தது. ஒரு மயிரளவுதான். அவன் தானே ஆணி அறைந்து, சந்துகளுக்குப் பஞ்சு அடைத்து, சுறா எண்ணெய் பூசிப் பூசிக் கறுப்பாக்கிய வள்ளம். அவன் வீட்டில் ஐந்து வயிறு அதை நம்பி இருந்தது.

"அந்த இரும்பை அதுட பாட்டில விட்டுட்டு வந்திருக்கலாமே" என்றாள் அவன் மனைவி றம்லா.

"லோஞ்ச் பாறையில ஏறி ஆக்கள் செத்திருப்பாங்க."

"இப்ப நாம சாகிறம்" என்றாள் றம்லா. அவள் அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே சொன்னாள்.

குழு முதலில் அழைத்தது மௌலவி அபூதாஹிரை. அவர் நல்ல மனுஷன். "நிம் என்று அப்படியே இல்லை. அறபில் நிம்து என்றால் நான் உறங்கினேன் என்று பொருள். ஆனால் இங்கிலிஷுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று சொன்னார். குழு முதல் பாதியை எழுதிக்கொண்டது. அடுத்த நாளே ஜமால்தீனை அழைத்து, மிதவையைக் கண்ட வேளையில் அவன் உறங்கிக்கொண்டிருந்தானா என்று ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். உறங்கிக்கொண்டு எப்படிச் சேர் கயிறு கட்டுவது என்று அவன் கேட்டதற்கு, கேள்வி கேட்பது குழுவின் வேலை என்று பதில் வந்தது.

துறைமுக எல்லைக்குள் எவரும் உறங்கலாகாது என்று சுற்றுநிருபம் ஒட்டினார்கள். அதனால் பாதிக்கப்பட்டவன் குஞ்சித்தம்பி. உறங்குவதைத் தவிர வேறு வேலை எதுவும் அவனுக்கு அந்தக் கந்தோரில் பழக்கமில்லை. கண் சிவக்கச் சிவக்க ஆறு நாள் வாசலில் நின்றான். ஏழாம் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு அத்தியட்சரின் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. அன்று மாலையே சுற்றுநிருபம் கிழித்தெறியப்பட்டது.

அடுத்ததாக அழைக்காமலே ஒருவர் வந்தார். தந்திக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற ஒக்கஸ் என்ற, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக் கிழவர். ஊரில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, ஒரு பழைய கொப்பியையும் துணி மூடிய ஒரு தட்டையும் கொண்டுவந்திருந்தார். கொப்பி அவருடைய பூட்டியின் கையெழுத்தில் ஒல்லாந்துப் பாஷையில் எழுதிய பலகாரக் குறிப்பு.

"பாருங்கோ" என்றார் ஒக்கஸ், விரலால் தொட்டுக் காட்டி. "நேம் பத்து முட்டை. நேம் ஒரு இறாத்தல் வெண்ணெய். ஒவ்வொரு குறிப்பும் இப்படித்தான் துவங்குது. நேம் எண்டா எடு. உங்கட நிம் இதுக்குக் கூடப்பிறந்தது. இங்கிலிஷில செத்துப்போச்சு, ஒல்லாந்தில இருக்குது. அவ்வளவுதான் விஷயம். இந்த மனுஷன் உங்கட சாமானை எடுத்து உங்களிட்டயே தந்திருக்கிறான். களவெடுத்தவன் கந்தோருக்குக் கொண்டுவருவானோ? விட்டுவிடுங்கோ."

சான்றாக அந்தக் குறிப்பின்படி செய்த கேக்கை மேசையில் வைத்தார். குழு கேக்கைத் தின்றது. கடைசித் துண்டைப் பிரதம இலிகிதர் கடதாசியில் சுற்றி வீட்டுக்கு வைத்துக்கொண்டார். பிறகு சோமசேகரம் விரலைத் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "அழைக்கப்படாமல் வந்த விளக்கத்தை ஏற்க விதியில் இடமில்லை. அதோடு, அரசாங்கத்தின் சட்டத்தை முட்டையாலும் வெண்ணெயாலும் தீர்க்க ஏலாது. கேக்குக்கு நன்றி."

சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜமால்தீன் எழும்பிப்போய் ஒக்கஸின் கையைப் பிடித்தான். கிழவர் வெறும் தட்டைத் துணியால் மூடிக்கொண்டு, "தம்பி, இவங்களுக்கு விளக்கம் வேண்டாம். வழக்குத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு குழு பட்டினத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒரு வடநாட்டு வியாபாரியைக் கேட்டது. அவர், இந்துஸ்தானியில் நீம் என்றால் பாதி என்றார். பத்து நாளில் ஜமால்தீனுக்கு முத்திரை குத்திய கடிதம் வந்தது. அன்ஸார் ஒருவரைப் பிடித்து வாசிப்பித்தான். கந்தோர் கருணையோடு பாதி வள்ளத்தை விடுவிக்கிறது, முன்பாதியைக் கொண்டுபோகலாம், பின்பாதி விசாரணையில் இருக்கும் என்று எழுதியிருந்தது. இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். வள்ளத்தின் நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக்கோடு பூசப்பட்டிருந்தது. மிகவும் நேராக, அளந்து பூசியிருந்தார்கள்.

"சேர், முன்பாதியைக் கொண்டுபோறதெண்டா வள்ளத்தை அறுக்க வேணுமே."

"அறுக்கச் சொல்லிக் கந்தோர் கேட்கவில்லை. அது உமது விருப்பம். பாதியைத் தரச் சம்மதித்திருக்கிறோம். அதற்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதித் தாரும். வழக்குக் கோவையில் அந்த ஒரு தாள்தான் குறைகிறது."

ஜமால்தீன் அரசாங்கக் கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதுகிறவரிடம் போய் நன்றிக் கடிதமும் எழுதிக் கொடுத்தான். எதைக் கொடுத்தாலாவது மனம் இளகும் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தான்.

வருஷம் திரும்பியது. சொல்லின் பொருள் கேட்டுக் குழு கொழும்புக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் சிங்களத்தில் வந்தது. கந்தோரில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் ஒருவருக்கும் துணிவில்லை. நாலு மாதம் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்துவிட்டு, கடைசியில் பாண் கொண்டுவருகிற பேக்கரிக்காரனிடம் நீட்டினார்கள். அவன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசித்தான். அப்படி ஓர் இங்கிலிஷ் சொல் தங்களுக்குத் தெரியாது என்றும், சிங்களத்தில் நிம என்றால் முடிந்தது என்றும் எழுதியிருந்தார்கள். முடிந்தது என்ற சொல்லை மேலிடத்து உத்தரவாக எடுத்துக்கொண்டு சோமசேகரம் கோவையைச் சிவப்பு நாடாவால் கட்டி மூடினார். வழக்கு முடிந்துவிட்டதென்று ஜமால்தீன் ஓடிப்போனான்.

"முடிந்துவிட்டது" என்றார் சோமசேகரம். "அதனால் வள்ளத்தை விட ஏலாது. விடுவதற்குக் கோவையில் கையெழுத்து வைக்கவேண்டும். கையெழுத்து வைக்கக் கோவையைத் திறக்கவேண்டும். திறந்தால் அது முடியாததாகிவிடும். நான் மேலிடத்துக்கு எதிராகப் போகச் சொல்கிறீரா?"

கடைசி முயற்சியாக, கோவையை மூடுவதற்கு முன்பே, லண்டனில் ஒரு பேராசிரியருக்கு எழுதியிருப்பதாகவும் சொன்னார். அதற்குள் வள்ளத்தின் வெடிப்புகளுக்குள் கை விடலாம்போல் ஆகியிருந்தது. வளவில் மேய்ந்த ஆடுகள் அதன் நிழலில் படுத்தன. பக்கத்தில் அந்த இரும்பு மிதவை கிடந்தது. அதுவும் சான்றுப்பொருள் என்பதால் யாரும் அதைத் திரும்பக் கொண்டுபோய்க் குறும்பாறையில் கட்டவில்லை. குஞ்சித்தம்பி அதன் மேல் தன் சாரனைக் காயப்போட்டான்.

ஜமால்தீன் அன்ஸாரின் வள்ளத்தில் கூலிக்குத் தண்டு வலித்தான். ஊரில் அந்தச் சொல் பரவிவிட்டது. லண்டனில் புதைத்த வினைச்சொல் கிண்ணியாச் சந்தையிலும் மூதூர்த் துறையிலும் எழும்பி நடமாடியது. யாருடைய காணியையாவது அரசாங்கம் அளக்க வந்தால், "நிம் பண்ணப்போறாங்க" என்றார்கள். காகம் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனாலும் அதைத்தான் சொன்னார்கள். அர்த்தம் யாருக்கும் தெரியாமல் இல்லை. கந்தோருக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழிந்து வந்த ஆவணி மாதம், மூதூரில் சொல் விளக்கக் குழுவுக்கு ஒரு கிளை திறப்பதற்காகச் சோமசேகரமும் கந்தோர் ஆட்கள் ஐந்துபேரும் தனி லோஞ்சில் புறப்பட்டார்கள். லோஞ்ச்காரர்கள் பாறை இருக்கிற இடம் தெரியாத புது ஆட்கள், குறும்பாறைக்கு மேலே மிதவையும் இல்லை. அது இல்லாமல் போனதற்கு அவர்களைவிட நல்ல சாட்சி வேறு யாருமில்லை. லோஞ்ச் நேரே போய்ப் பாறையில் ஏறிப் பிளந்தது.

லோஞ்ச்காரர்களும் ஐந்துபேரும் பாறை மேல் முழங்கால் தண்ணீரில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சோமசேகரமும் நின்றிருக்கலாம். ஆனால் கோவைகள் வைத்த தகரப்பெட்டி மிதந்து போனது. அதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு அவரும் போனார். பக்கத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த நாலைந்து வள்ளங்கள் வந்து சேர்ந்தன. அன்ஸாரின் வள்ளமும் வந்தது. வந்தவை எல்லாம் அவரைச் சுற்றி, கைக்கு எட்டாமல், ஒரு பாகம் தள்ளி நின்றன. ஒருவரும் கை நீட்டவில்லை.

"ஜமால்தீன், என்னைத் தூக்கும்" என்றார் சோமசேகரம்.

"மச்சான், தொடாத" என்றான் அன்ஸார். "இவரு இப்ப மிதந்து அலையிற பொருள். தொட்டா என்ட வள்ளமும் போகும்."

பக்கத்து வள்ளத்தில் இருந்த ஒருவர் மரியாதையாகக் கேட்டார். "சேர், உங்களைத் தூக்கினா அது நிம்மா, இல்லையா? அதை மட்டும் சொல்லிப்போடுங்க. நாங்க தூக்குறம்."

சோமசேகரத்தின் வாய்க்குள் அலை ஒன்று போய் வந்தது. "அதுபற்றி" என்றார், துப்பிவிட்டு, "லண்டனிலிருந்து இன்னும் பதில் வரவில்லை."

"லண்டன் கிடக்கட்டும். நீங்க பெரியவர். இந்த ஒரு தடவைக்கு இல்லையெண்டு சொல்லுங்க."

"விலக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை."

கடலில் எத்தனையோ அழுகலைப் பார்த்தவன் ஜமால்தீன். ஊதிப்போன மாட்டைப் பார்த்திருக்கிறான். இப்படி ஓர் அருவருப்பு அவனுக்கு வந்ததில்லை. உயிர் போகிற நேரத்திலும் இந்த மனுஷனிடமிருந்து ஒரு மனுஷச் சொல் வரவில்லை. சாகட்டும் என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காகப் பிறகும் அவன் வெட்கப்படவில்லை. ஆனால் அவர் தலை இரண்டாம்முறை தண்ணீருக்குள் போனபோது அவனுடைய கை அவனைக் கேட்காமல் நீண்டது. கழுத்துப்பட்டிதான் அகப்பட்டது. அதைப் பிடித்து இழுத்து, பெட்டியோடு சேர்த்து அவரை வள்ளத்துக்குள் போட்டான். மற்ற வள்ளங்கள் பாறையில் நின்றவர்களை ஏற்றின. பாறையில் நிற்பது மிதப்பது ஆகாது என்று அவர்களுக்குள் பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

"ஜமால்தீன்" என்றார் சோமசேகரம், கரை வரும்போது. "நீர் செய்ததை நான் மறக்கமாட்டேன்."

அவர் மறக்கவில்லை. அடுத்த நாள் காலை லண்டன் கடிதம் வந்தது. பேராசிரியர் விளக்கமாக எழுதியிருந்தார். நிம் என்றால் எடுத்தல். முந்நூறு வருஷத்துக்கு முன்பே வழக்கொழிந்த சொல். ஒல்லாந்துப் பாஷையில் அதன் உறவுச்சொல் இன்னும் வாழ்கிறது. திருகோணமலையில் அது உயிரோடு இருப்பது தனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது, மக்கள் அதைப் பயன்படுத்தும் வசனங்கள் சிலவற்றை அனுப்பிவைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

பத்து மணிக்கு அன்ஸாரின் வள்ளத்தைக் கரையேற்றும்படி உத்தரவு வந்தது. ஜமால்தீனும் அன்ஸாரும் முன்போலவே தாங்களே தள்ளி ஏற்றினார்கள். அதை ஏற்றிவிட்டு ஜமால்தீன் உள்ளே போனான். அத்தியட்சரின் கதிரை காலியாக இருந்தது. அவர் ஒதுங்குபொருள் களஞ்சியத்தில், பீப்பாக்களுக்கும் ஓட்டைச் சட்டிகளுக்கும் நடுவில், ஒரு வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோட்டில் ஓர் இலக்க அட்டை கட்டியிருந்தது.

"சட்டம் என்னையும் விடவில்லை பாரும்" என்றார் பெருமையாக. "நான் மிதந்த பொருள். உரியவர் வந்து அடையாளம் சொல்லிக் கையெழுத்து வைக்கும்வரை இங்கேதான் இருக்கவேண்டும். நேற்றுவரை சந்தேகம் இருந்தது. இப்போது லண்டனே சொல்லிவிட்டது. எடுத்தல். நீர் மிதவையை எடுத்தீர். என்னையும் எடுத்தீர். இரண்டு தரம் செய்த குற்றம். ஆனாலும் எனக்கு உம்மேல் கோபம் இல்லை. உம்மைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கந்தோரை எப்போதோ மூடியிருப்பார்கள்."

அப்போது அவருடைய மனைவி கமலேஸ்வரி குடையோடு வந்தாள். பிரதம இலிகிதர் படிவத்தை நிரப்பினார். பொருளின் அடையாளம் என்ன என்று கேட்டதற்கு, இடது தோளில் ஒரு மச்சம் என்றாள். பொருள் பழுதுபட்டிருக்கிறதா என்று கேட்டதற்கு, அவள் தன் புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முந்தியே இப்பிடித்தான்" என்றாள். ஐந்து நிமிஷத்தில் கையெழுத்து வைத்து, அட்டையை அவிழ்த்து, அவரை அவருடைய கதிரைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டாள்.

"கண்டீரா, உரியவர் வந்து கேட்டால் கந்தோர் ஒரு பொருளையும் வைத்திருப்பதில்லை" என்றார் சோமசேகரம்.

"என்ட வள்ளத்தை நான் ரெண்டு வருஷமா வந்து கேக்கிறன் சேர்."

"உமது கோவை மூடியிருக்கிறது. அதோ, பத்திரமாக."

ஜமால்தீன் திரும்பிப் பார்த்தான். சுவரில் கோவைகளுக்கென்று புதிதாக ஒரு தட்டு அடித்திருந்தார்கள். அதன் பலகை கறுப்பாக இருந்தது. அவன் கிட்டப் போனான். சுறா எண்ணெய் மணத்தது. அவன் கையால் அறைந்த ஆணித் துளைகள் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக இருந்தன. ஓரத்தில் வெள்ளைக்கோட்டின் மிச்சம் தெரிந்தது. அந்தத் தட்டின் மேல், சிவப்பு நாடா கட்டிய அவனுடைய கோவை இருந்தது. அவன் கடைசி ஆணித் துளையை விரலால் தொட்டுவிட்டு வெளியே வந்தான்.

தலை குனிந்து தள்ளியபோது அவன் காணாதது இப்போது தெரிந்தது: வளவில் அவனுடைய வள்ளத்தின் வங்குகால்கள் மட்டும் மாட்டு விலா எலும்புபோல் நின்றன. பக்கத்தில் அன்ஸாரின் வள்ளம் கிடந்தது. அதன் அடிப்பலகையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கச்சான் காற்று அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் சொட்டு நின்றுவிடும் என்று ஜமால்தீனுக்குத் தெரியும்.

"என்ன மச்சான் சொன்னாங்க? பெட்டிசம் எழுதவா?" என்று கேட்டான் அன்ஸார்.

"அந்தப் பக்கம் பிடி" என்றான் ஜமால்தீன்.

அவன் முதலில் மிதவையைப் போய் உருட்டினான். மேலே கிடந்த சாரனை எடுத்து, மடித்து, குஞ்சித்தம்பியின் மடியில் வைத்தான். குஞ்சித்தம்பி கண்விழித்துப் பார்த்தான். மிதவையையும் வள்ளத்தையும் இருவரையும் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கந்தோரில் ஒருவர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மிதவையை வள்ளத்தின் பின்னால் கட்டி, இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வேலிக்கு வெளியே நின்ற துறைக்காரர்கள் நாலுபேர் கேட்காமலே வந்து கை வைத்தார்கள். வள்ளம் மணலைக் கீறிக்கொண்டு இறங்கித் தண்ணீரைத் தொட்டது. அப்போதுதான் ஜன்னலில் சோமசேகரத்தின் தலை தெரிந்தது. ஒரு கையில் லண்டன் கடிதமும் மறு கையில் பேனையும் இருந்தன.

"நிறுத்தும். அங்கே என்ன செய்கிறீர்?"

ஜமால்தீன் வள்ளத்தில் ஏறித் தண்டைக் கையில் எடுத்தான். குறும்பாறைப் பக்கம் அணியத்தைத் திருப்பிவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"நிம் பண்ணுறன் சேர்" என்றான். "எழுதிக்கொள்ளுங்க."